வீட்டில் ஒருவருக்கு மனநலம் குன்றும்போது உறவைக் காப்பாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மனநலப் பிரச்சினை என்றால் டாக்டர், மாத்திரை, தூக்கம் என்று பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து வீடுகளில் நான் பார்த்தவரை முதலில் அடிபடுவது உறவுதான். புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோகும். கூட்டாளிகள் மெல்ல ஒதுங்குவார்கள். அண்ணன் தம்பி மனக்கசப்பு பாகப்பிரிவினை வரைக்கும் போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் வீட்டில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத நிலை வந்திருக்கும்.

நோய் செய்யவைப்பதை, ஆள் வேண்டுமென்றே செய்வதாக எடுத்துக்கொள்வதில் பாதி உறவு கெடுகிறது. மீதிப் பாதி, பதிலுக்கு நாம் பேசுகிற பேச்சில் கெடுகிறது. இரண்டையும் வீட்டிலிருந்தே மாற்றலாம். நோயோடு இருப்பவர், கூட இருப்பவர் இருவருக்கும் இதில் வேலை உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் படி: எது நோய், எது குணம் என்று பிரித்துப் பாருங்கள்

பாலக்கோடு பக்கம் ஒரு தக்காளி விவசாயி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். காய் பழுத்து நிற்கிறது. ஆள் விடிந்தும் கட்டிலை விட்டு எழவில்லை. மனைவி கூலி ஆள் வைத்துப் பறித்து, பெட்டியில் அடுக்கி, மார்க்கெட்டுக்கு வண்டி ஏற்றிவிட்டு வெயிலில் வீடு திரும்புகிறார். கணவர் காலையில் படுத்திருந்த அதே பக்கத்தில் படுத்திருக்கிறார். தட்டில் வைத்துவிட்டுப் போன களி காய்ந்து கிடக்கிறது. "ஏங்க, நான் ஒருத்தியே மாடு மாதிரி உழைக்கணுமா?" என்று கேட்கிறார். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

மனைவிக்கு அது அலட்சியமாகத் தெரிகிறது. கணவர் தலைக்குள் ஓடுவதோ "நான் எதுக்கும் லாயக்கில்ல, இவளுக்கும் பாரம்" என்பது. அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை என்பதால்தான் திரும்பிக்கொள்கிறார். மனச்சோர்வில் உடம்பின் தெம்பே போய்விடும். தூக்கம் கெடும், பசி போகும், பிடித்தவர்களைப் பார்த்தாலும் மனதில் ஒன்றும் தோன்றாது. பாசம் வற்றிவிட்டதாகத்தான் கூட இருப்பவர் நினைப்பார். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் நீடித்தால் அது மருத்துவரைப் பார்க்க வேண்டிய விஷயம்.

மற்ற நோய்களும் இப்படித்தான் வேஷம் போட்டு வரும். பைபோலார் எனும் இருதுருவ நோயில் மனம் மேலே ஏறும் காலத்தில் ஆள் தூங்கமாட்டார், கடன் வாங்குவார், வண்டி புக் செய்வார், தடுத்தால் சண்டைக்கு வருவார். வீட்டார் அதைத் திமிர் என்பார்கள். மனச்சிதைவில் (ஸ்கிசோஃப்ரினியா) "சோத்துல ஏதோ கலந்துட்டாங்க" என்று தட்டைத் தள்ளுவார். சமைத்த அம்மாவுக்கு நெஞ்சு வெடிக்கும். பதற்ற நோய் உள்ள மனைவி ஒரு ஷிப்டுக்குள் பத்து முறை போன் செய்தால் கணவன் அதைச் சந்தேகம் என்று நினைத்துக்கொள்வான். குடியும் இப்படி ஒரு திரை. குடிக்கிறான் என்பது மட்டும் ஊருக்குத் தெரியும், குடிக்கு முன்பே தொடங்கிய தூக்கமின்மையும் பயமும் யாருக்கும் தெரியாது.

பிரித்துப் பார்க்க ஒரு நல்ல கேள்வி உண்டு: "முன்னே இவர் இப்படியா இருந்தார்?" இல்லை என்றால், எந்த மாதத்திலிருந்து மாறினார் என்று யோசியுங்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் தூக்கம், சாப்பாடு, வேலை, கோபம் இவற்றை ஒரு வரி எழுதி வாருங்கள். டாக்டர் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசிக்கு அந்த நோட்டே பதில் சொல்லும். எழுத எழுத உங்கள் கோபமும் கொஞ்சம் தணியும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். எல்லாமே நோய் ஆகிவிடாது. அடிப்பதும், மிரட்டிப் பணம் பிடுங்குவதும் நோய் இருக்கிறது என்பதற்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டியவை இல்லை. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் யாரையும் அடிப்பதில்லை. அடியும் மிரட்டலும் நடக்கும் வீட்டில் பெண்கள், பெண்களுக்கான உதவி எண் 181-ஐ அழைக்கலாம். அவருக்கு வைத்தியமும் நடக்கட்டும், நீங்களும் பாதுகாப்பான இடத்தில் இருங்கள்.

இரண்டாம் படி: வீட்டுப் பேச்சை மாற்றுங்கள்

இந்தப் படிதான் மிக முக்கியம் என்பது என் எண்ணம்.

1950-களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் மனச்சிதைவு நோயிலிருந்து தேறி ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே போனவர்களைப் பின்தொடர்ந்து கவனித்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிப் போனவர்களை விட, வாடகை அறையிலோ உடன்பிறந்தவர் வீட்டிலோ தங்கியவர்கள் நன்றாக இருந்தார்கள். யாரும் எதிர்பார்க்காத முடிவு அது. காரணத்தைத் தேடிப் போனபோது வீட்டாரின் பேச்சில் மூன்று விஷயங்கள் அகப்பட்டன: ஓயாத குறை, வெறுப்பு, அளவுக்கு மீறிய பொத்திப் பாதுகாத்தல். இந்த மூன்றும் அதிகமுள்ள வீட்டில் நோய் திரும்ப வருவது அதிகம் என்று பிறகு பல நாடுகளில் உறுதியானது. 1980-களில் சண்டிகரில் இதே முறையில் பார்த்தபோது, லண்டன் வீடுகளை விட நம் நாட்டு வீடுகளில் இவை குறைவாக இருந்தன. நம் குடும்பத்துக்கு அந்த பலம் இருக்கிறது. பக்கத்திலுள்ள வேலூர் சி.எம்.சி. மனநலப் பிரிவில் 1950-களின் பிற்பகுதியிலிருந்தே குடும்பத்தில் ஒருவர் நோயாளியோடு கூடவே தங்கும் முறை இருப்பதும் இந்த பலத்தை நம்பித்தான். குடும்பம்தான் நோய்க்குக் காரணம் என்று இதற்குப் பொருள் செய்துவிடாதீர்கள். நோய் வருவதற்குக் காரணம் வேறு. வந்த நோய் தணியவும் கூடவும் வீட்டுப் பேச்சுக்குப் பங்கு உண்டு.

சரி, எதை மாற்றுவது?

குறையை ஆள்மேல் வைக்காமல் காரியத்தின்மேல் வையுங்கள். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்பதற்குப் பதில் "ராத்திரி பாட்டு சத்தமா ஓடுனதுல எனக்குத் தூக்கம் போச்சு, பத்து மணிக்கு மேல ஹெட்போன் போட்டுக்கறியா?" என்று கேட்கலாம். "எழுந்து வேலையப் பாருடா" என்பது அவரால் முடியாத ஒன்று. "வா கண்ணு, வாசல்ல உக்காந்து டீ குடிக்கலாம்" என்பது முடியக்கூடியது. நாளைக்கு வாசல், அப்புறம் மாட்டுக் கொட்டகை, அப்புறம் தோட்டம்.

"உனக்கென்ன குறை? வீடு இருக்குது, நிலம் இருக்குது, தங்கமா புள்ளைங்க இருக்குது" என்ற ஆறுதலைத் தயவுசெய்து விடுங்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் கேட்பவருக்குக் குற்ற உணர்ச்சிதான் கூடும். இவ்வளவு இருந்தும் சந்தோஷமாக இருக்க முடியவில்லையே என்று இன்னும் ஒரு படி கீழே போவார்.

இன்னொரு பேச்சு, எல்லா வீட்டிலும் நடப்பது. மகன் ஏதோ நியாயமான கோபத்தில் குரலை உயர்த்துகிறான். தம்பி அவன் வண்டியைக் கேட்காமல் எடுத்துப் போய்விட்டான், அதுதான் விஷயம். உடனே அம்மா, "சாமி, மாத்திரை போட்டியா?" என்கிறார். அடுப்படியிலிருந்து அக்காவும் எட்டிப் பார்க்கிறாள். அந்த நிமிடத்தில் அவனுடைய கோபம் நோயாகிவிட்டது, தம்பி செய்தது மறைந்துவிட்டது. இப்படி நாலு முறை நடந்தால் அவன் பேசுவதையே நிறுத்திவிடுவான், மாத்திரைமேலும் வெறுப்பு வரும். மாத்திரை பற்றிக் கேட்க ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின், ஒரே ஒரு முறை, ஒருவர் மட்டும். சண்டை நேரத்தில் அந்தப் பேச்சே வேண்டாம்.

பொத்திப் பாதுகாப்பதும் கெடுதல்தான் என்பதற்கு, ஒரே பயம் திரும்பத் திரும்ப வந்து ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் ஓ.சி.டி. நோய் நல்ல உதாரணம். கை கழுவிக் கழுவி மருமகள் ஒரு டிரம் தண்ணீரைக் காலி செய்கிறாள். ஒகேனக்கல் தண்ணீர் எந்த நேரத்துக்கு வருமோ என்று குடத்தோடு காத்திருக்கும் தெருவில் அது சின்ன விஷயமா? மாமியார் கத்துகிறார். கணவனோ சண்டையைத் தவிர்க்க, அவள் சொன்னபடியெல்லாம் தானும் காலைக் கழுவிவிட்டு உள்ளே வருகிறான், பையையும் துடைத்துத் தருகிறான். இருவர் செய்வதும் நோயை வளர்க்கும். திட்டினால் பதற்றம் ஏறும், பதற்றம் ஏறினால் இன்னும் கழுவ வேண்டும். ஒத்துப்போனால் அந்தப் பயம் நியாயமானது என்று அவள் மனம் முடிவு கட்டிவிடும். மருத்துவர் சொல்லும் திட்டப்படி, இன்றைக்கு இந்த ஒன்றை மட்டும் செய்யமாட்டேன் என்று அவளிடம் முன்பே சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். திடீரென்று தண்ணீரைப் பூட்டி வைப்பது உதவாது.

மூன்றாம் படி: மருத்துவரிடம் போவது

"உனக்குப் பைத்தியம், வா ஆஸ்பத்திரிக்கு" என்று யாரை அழைத்தாலும் வரமாட்டார்கள். அவரையே வருத்தும் ஒரு அறிகுறியைப் பிடித்துக்கொள்ளுங்கள். "மூணு வாரமா தூக்கமே இல்லியே, அதுக்கு மட்டும் ஒருக்கா காட்டிட்டு வந்துடலாம், நானும் கூட வரேன்" என்றால் பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும். யார் சொன்னால் கேட்பாரோ அவரைக் கொண்டு சொல்லுங்கள். தாய்மாமன் சொன்னால் நடப்பது அப்பா சொல்லி நடக்காது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் மனநலப் பிரிவு என்று கேட்டால் போதும், மருந்து இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருவார்கள். அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை பக்கத்துக்காரர்கள் எந்தக் கிழமை என்று அங்கேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர் பக்கத்தில் பலர் நேராகப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்குப் போகிறார்கள். நல்லதுதான். ஆனால் மாதாமாதம் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பேர் பஸ் ஏறுவது நீடிக்காது. இரண்டு, மூன்று முறை பார்த்தபின், உள்ளூர் மருத்துவமனையில் மருந்து தொடர ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள்.

நேரில் போகத் தயங்குபவர்கள் 14416 எண்ணுக்கு அழைக்கலாம். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள். தமிழ் மட்டுமின்றித் தெலுங்கு, கன்னடத்திலும் பேசலாம். ஓசூர், தளி பக்கத்தில் வீட்டு மொழி வேறாக இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை, கூட இருப்பவரும் அழைத்து யோசனை கேட்கலாம்.

குறி கேட்பதும் மந்திரிப்பதும் நம் பக்கத்தில் உண்டு. அதைக் கேலி செய்தால் வீட்டுப் பெரியவர்களோடு வீண் சண்டைதான் வரும். "கோயிலுக்கும் போவோம், மாத்திரையும் போடுவோம்" என்று ஒத்துக்கொள்ளுங்கள். அடி, பட்டினி, சங்கிலி, மாத்திரையை நிறுத்தச் சொல்வது, இந்த நான்கையும் மட்டும் யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 சங்கிலியில் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே இரண்டு முதல் ஆறு வாரம் பிடிக்கும். முதல் வாரத்தில் பக்க விளைவு மட்டும் தெரிந்து, பலன் தெரியாது. பல வீடுகளில் அப்போதுதான் நிறுத்திவிடுகிறார்கள். இதைக் குடும்பம் முழுக்கத் தெரிந்துவைத்திருந்தால் "மாத்திரை போட்டும் அப்படியேதான இருக்கற" என்ற வார்த்தை வராது.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால்

இதற்கு வரிசை பார்க்க வேண்டாம், முதலில் செய்ய வேண்டியது இதுதான். "நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி" என்பது போன்ற பேச்சு, பிரியமான பொருளை எடுத்துக் கொடுப்பது, கடனையெல்லாம் அவசரமாகத் தீர்ப்பது இவற்றைக் கண்டால் நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். அப்படி ஆகாது, பெரும்பாலும் கேட்டதே ஆறுதலாக இருக்கும். தனியாக விடாதீர்கள். பூச்சி மருந்தையும் எலி மருந்தையும் வீட்டிலிருந்தும் களத்துக் கொட்டகையிலிருந்தும் அப்புறப்படுத்தி, வேறொருவர் வீட்டில் பூட்டி வையுங்கள். விவசாய வீடுகளில் உயிரைக் காப்பாற்றும் முதல் காரியம் இது. 14416 அல்லது அரசின் சுகாதார உதவி எண் 104-ஐ அழையுங்கள். ஏதாவது நடந்துவிட்டால் 108. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைத்து, நேரத்தை வீணாக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு.

நான்காம் படி: கணவன் மனைவிக்குள்

இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிறைய தம்பதிகள் போனில்தான் குடும்பம் நடத்துகிறார்கள். அவர் பெங்களூரில் கட்டட வேலையில், இவர் ஊரில் மாமியாரோடு. முகம் தெரியாத போன் பேச்சில் மனச்சோர்வு "ம்... ம்..." என்று மட்டும் கேட்கும். அதை வெறுப்பு என்று எடுத்துக்கொள்வது மிக எளிது. ஒரு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். பேசத் தெம்பில்லாத நாளில் "இன்னைக்கு முடியல, உன்மேல கோபம் இல்ல" என்று ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ். அந்த இரண்டாவது பாதி முக்கியம். அது இல்லாவிட்டால் மறுமுனையில் இருப்பவர் ராத்திரி முழுக்கக் காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

தாம்பத்தியம் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மனச்சோர்வு அந்த ஆசையைக் குறைக்கும். அதற்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் குறைக்கும். மனைவி தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைப்பார், கணவர் தன் ஆண்மை போய்விட்டதாக நினைத்து யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவார். இதை டாக்டரிடம் சொல்லலாம், சொல்ல வேண்டும். அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ வழி இருக்கிறது.

பிள்ளை பெற்று அம்மா வீட்டுக்கு வந்த பெண் அழுதுகொண்டே இருந்தால், "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான்" என்று இரண்டு வாரத்துக்கு மேல் விடாதீர்கள். தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேசினால், குழந்தைமேல் வினோதமான பயமோ வெறுப்போ காட்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "எங்க வீட்ல நல்லாத்தான இருந்தா" என்று இரண்டு சம்பந்திகளும் வாதாடிக்கொள்ள அது நேரம் இல்லை.

அப்புறம், "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்ற யோசனை. சரியாகாது. புது வீடு, புது ஆட்கள், தூக்கம் கெடும் சடங்குகள் என்று நோய் கூடத்தான் வாய்ப்பு. மறைத்துச் செய்த கல்யாணம், மாத்திரையை ஒளித்து வைத்து நிறுத்துவதில் தொடங்கி கோர்ட்டில் போய் நிற்கும். நோய் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் தாராளமாகக் கல்யாணம் செய்துகொண்டு நன்றாக வாழலாம். நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: பிள்ளைகளும் ஊரும்

பிள்ளைகள் வீட்டில் நடப்பதற்கெல்லாம் தாங்களே காரணம் என்று நினைத்துக்கொள்வார்கள். "அம்மாவுக்கு மனசுல உடம்பு சரியில்ல, டாக்டர் பாக்குறாரு. உன்னால வந்தது இல்ல கண்ணு" என்று சொல்லிவிடுங்கள். சொந்தக்காரர்கள் காதுகுத்தில், பண்டிகையில் துருவித் துருவிக் கேட்பார்கள். வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரே பதிலை முடிவு செய்துகொள்ளுங்கள்: "உடம்பு சரியில்ல, வைத்தியம் பாக்குறோம்." அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை.

ஆறாம் படி: நண்பராக இருந்தால்

கூப்பிட்டால் எடுப்பதில்லை, மெசேஜுக்குப் பதில் இல்லை. "பெரிய ஆளாயிட்டான்" என்று கூட்டத்தில் பேச்சு எழும். அங்கேயே நிறுத்துங்கள். பதில் கேட்காத மெசேஜ் அனுப்புங்கள்: "மச்சான், பதில் போட வேணாம். ஞாயித்துக்கிழமை கே.ஆர்.பி. டேம் பக்கம் மீன் வறுவல் சாப்பிடப் போறோம். வந்தா வா, வரலன்னாலும் ஒண்ணும் இல்ல." மூன்று முறை வராமல் நாலாவது முறை வருவான். வந்த அன்று "ஏன்டா இத்தனை நாளா?" என்று கேட்காதீர்கள், பக்கத்தில் உட்கார வைத்துத் தட்டை நகர்த்தினால் போதும். குடிக்க வற்புறுத்தாதீர்கள், அவன் மாத்திரைக்கு அது ஆகாது.

ஏழாம் படி: நோயோடு இருப்பவருக்கு

எல்லோரிடமும் சொல்ல வேண்டாம், ஒருவரிடம் சொல்லுங்கள். அறிவுரை வேண்டுமா, கேட்டால் மட்டும் போதுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அண்ணி, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், பத்து நிமிஷம் கேளுங்க போதும்" என்றால் எதிரில் இருப்பவருக்கும் பாரம் குறையும்.

நோய் ஏறியிருந்த காலத்தில் நீங்கள் பேசிய வார்த்தை யாரையாவது குத்தியிருக்கும். தேறியபின் அவரிடம் போய், "அப்ப நான் சொன்னது உங்களுக்கு வலிச்சிருக்கும், மன்னிச்சுக்குங்க" என்று சொல்லுங்கள். நோய் உங்கள் தப்பில்லை என்பதும் உண்மை, அவருக்கு வலித்தது என்பதும் உண்மை.

எட்டாம் படி: கூட இருப்பவர் தன்னைப் பார்த்துக்கொள்வது

பெரும்பாலான வீடுகளில் அம்மாவோ மனைவியோ ஒருவரே எல்லாம் சுமக்கிறார். அண்ணன் தம்பிகளிடம் "உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் நடக்காது. "இந்த மாசம் ஆஸ்பத்திரிக்கு நீ கூட்டிட்டுப் போ", "சனிக்கிழமை ராத்திரி அண்ணி வந்து படுத்துக்கட்டும்" என்று வேலையையும் நாளையும் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கே தூக்கம் கெட்டு, எரிச்சல் கூடி, அழுகை முட்டிக்கொண்டு வந்தால் அடுத்த முறை அதே டாக்டரிடம் உங்களுக்கும் ஒரு சீட்டு போடுங்கள்.

ஒன்பதாம் படி: நன்றாக இருக்கும்போதே எழுதி வையுங்கள்

தேறியதும் எல்லோரும் மறக்க விரும்புவார்கள். அந்த நேரத்தில்தான் நோயோடு இருந்தவரும் வீட்டாரும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுத வேண்டும். முதல் அறிகுறி என்ன? தூக்கம் குறைவதா, போனை அணைத்து வைப்பதா, திடீரென்று பெரிய பெரிய திட்டம் பேசுவதா? அதைக் கண்டால் யார், எந்த வார்த்தையில் சொல்ல வேண்டும்? இருதுருவ நோய் என்றால் ஏ.டி.எம். கார்டும் பட்டாவும் அந்தக் காலத்தில் யார் கையில் இருக்கும்? எந்த மருந்து முன்பு ஒத்துவந்தது, எது ஒத்துவரவில்லை? மாத்திரையை நிறுத்துவது டாக்டரைக் கேட்டுத்தான் என்பதையும் எழுதுங்கள். மனச்சோர்வில் நன்றாக ஆனபின்னும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள்.

2017 சட்டப்படி, தனக்கு முடியாமல் போகும்போது தன் சார்பில் முடிவெடுக்க ஒரு நியமனப் பிரதிநிதியை யாரும் முன்கூட்டியே குறித்து வைக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும். அப்பாவா மனைவியா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு குடும்பமும் மோதிக்கொள்வதை இது தடுக்கும். இரண்டு தாளையும் நகல் எடுத்து, ஒன்றை மருத்துவமனை ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள், இன்னொன்றை ரேஷன் கார்டோடு சேர்த்து வையுங்கள்.